பரணிலிருந்து அடையாற்றங்கரைக்கு: பொம்மைச் சிப்பாய்ப் போருக்குத் திரும்பும் வழி

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது நங்கநல்லூர் வீட்டுப் பரணை ஒழிக்க வேண்டியதாயிற்று. பித்தளை அண்டாவுக்கும் தொட்டில் கம்பிக்கும் நடுவே ஒரு பிஸ்கட் தகர டப்பா. குலுக்கியதும் தெரிந்துவிட்டது. எண்பதுகளில் மஸ்கட்டிலிருந்து வரும்போதெல்லாம் சித்தப்பா வாங்கிவந்த பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஆள் ஒவ்வொருவனும் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அதிகம். நூற்றுச் சொச்சம் பேர். கூடவே உலோகத்தில் வார்த்த எட்டுப் பேர், அதில் வாள் உடைந்த ஒரு தளபதி.

அந்த டப்பாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து ஒரு முழுப் போரை நடத்தி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. தப்பாகச் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். சின்ன வயதில் இப்படி விளையாடியவர்களுக்காக எழுதுவது இது. டப்பா தொலைந்து ஞாபகம் மட்டும் மிச்சமிருந்தாலும் சரிதான்.

இந்த விளையாட்டுக்கு மினியேச்சர் வார்கேமிங் என்று பெயர். சிப்பாய்களைத் தரையில் அடுக்கி ரப்பர் உருண்டையால் அடித்துச் சாய்ப்பதிலிருந்து ஒரு படி மேலே. அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள், எழுதிவைத்த விதிகளின்படி வெற்றி தோல்வி. பிரஷ்ய ராணுவம் 1820-களில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரவே இதை வைத்திருந்தது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் வீட்டு விளையாட்டாக இதற்கு விதிகள் எழுதி வெளியிட்டார். 1983-ல் வந்த வார்ஹேமர் என்ற ஆட்டம், 1987-ல் வந்த அதன் விண்வெளி வடிவம் என்று இன்று உலகம் முழுக்கப் பெரிய வியாபாரம். நம் பக்கம் ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும். எண்ணிக்கை ஒரு பக்கம், பலம் ஒரு பக்கம்.

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள்

திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்றுதான். பத்து வயதில் காசில்லை, நாற்பத்தைந்தில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் போனைத் திறந்தால் வெளிநாட்டுக் கடைகளில் பெட்டி பெட்டியாகப் படைகள். ஆர்டர் போட்டுவிடுவோம். அது வரும்போது சுங்கமும் கூடவே வரும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. உங்கள் பெட்டியைப் பொம்மைக் கணக்கில் சேர்த்தால் கதை முடிந்தது. அப்படி வந்ததும் பிரிக்காமல் அலமாரியில் தூங்கும், ஏனென்றால் இருநூறு பேருக்குப் பெயின்ட் அடிப்பதை நினைத்தாலே கை சோர்ந்துவிடும்.

அதனால் என் விதி: முதல் ஆட்டம் ஆடி முடிக்கும்வரை புதிதாக ஒரு சிப்பாய்கூட வாங்கக் கூடாது. டப்பாவே இல்லாதவர்கள் கெட்டி அட்டையில் அச்சடித்து வெட்டும் காகிதச் சிப்பாய்களில் தொடங்கலாம். எந்த ஜெராக்ஸ் கடையிலும் 250 ஜி.எஸ்.எம். அட்டையில் போட்டுத் தருவார்கள். குறைச்சலாக நினைக்காதீர்கள், மேசையில் நிறுத்தினால் நன்றாகவே இருக்கும்.

டப்பாவைக் கொட்டிப் பார்த்தல்

பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டுங்கள், சமையல் மேடையில் மட்டும் வேண்டாம். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வளைகிற மென்மையான பிளாஸ்டிக், வளையாத கெட்டி பிளாஸ்டிக், உலோகம்.

உலோகக் குவியலில் கவனம் தேவை. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இந்த மாதிரிச் சிப்பாய்களைப் பெரும்பாலும் ஈயக் கலவையில்தான் வார்த்தார்கள். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு நினைவுக்கு வந்து 'அதெல்லாம் உடம்புக்கு நல்லதுதானே' என்று என் அக்கா சொன்னாள். அது வெள்ளீயம், இது காரீயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வெள்ளைத்தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரிக் கோடு விழுந்தால் காரீயம் கணிசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், அரத்தால் ராவக் கூடாது, வாயில் போடும் வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெளியே எடுக்கவே கூடாது. மேலே மாவு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அரித்துப்போவதன் அடையாளம். அட்டைப்பெட்டி, மரப்பெட்டியிலிருந்து வரும் அமில வாடைதான் காரணம். அவற்றை ஒரு பையில் போட்டுத் தனியே வைத்துவிடுங்கள். என் எட்டுப் பேரில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். தளபதி தப்பித்தார்.

மென்மையான பிளாஸ்டிக்கில் ஒரு துப்பாக்கி முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் சிலது மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி ஒடியும். ஒடிகிற கூட்டத்தை விட்டுவிடுவதுதான் மரியாதை. மிச்சத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் காயவையுங்கள்.

பழைய பெயின்டை உரிப்பது

சிறுவயதில் அடித்த பெயின்டை அப்படியே விட்டுவிடத்தான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் அக்காவின் நெயில் பாலிஷில் தோய்ந்த பிரெஞ்சுக்காரர்களை எத்தனை நேரம் பார்ப்பது.

மருந்துக் கடையில் கிடைக்கும் டெட்டால்தான் இதற்குக் கைகண்ட மருந்து. தண்ணீர் கலக்காமல் ஒரு பழைய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, சிப்பாய்களை ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். எடுத்ததும் தண்ணீரில் அலசினால் கெட்டது, பெயின்ட் பசையாகிப் பிசின் போல அப்பிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு டெட்டாலிலேயே நனைத்து நனைத்துத் தேய்த்து, பெயின்ட் முழுதும் போனபிறகுதான் சோப்பும் தண்ணீரும். வீடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கெட்டி பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். என்னிடமிருந்த நான்கு பீரங்கிகளில் மூன்று, நான் போன் பேசிவிட்டு வருவதற்குள் வெல்லப்பாகு பதத்துக்கு வந்திருந்தன. மிஞ்சிய ஒரு பீரங்கிக்கு ஏற்ற மாதிரிதான் பிற்பாடு போரையே அமைத்தேன்.

ஒரே ஒரு போரைத் தேர்ந்தெடுங்கள்

'படை சேர்க்கிறேன்' என்று கிளம்பினால் முடிவே கிடையாது. 'இந்தப் போரை ஆடப்போகிறேன்' என்றால் எத்தனை ஆள், எவ்வளவு பெயின்ட், எத்தனை மரம் என்று எல்லாமே கணக்குக்குள் வரும். நான் வாட்டர்லூவை விட்டுவிட்டு வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்த அடையாற்றுப் போரை எடுத்துக்கொண்டேன்.

1746. ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பிடித்ததும் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானிடம் ஒப்படைப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை. நவாப் தன் மகன் மஃபூஸ் கானைப் பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் படையோடு அனுப்பினார். அவர்கள் சாந்தோம் பக்கம் அடையாற்றின் வடகரையில் நின்றார்கள். புதுச்சேரியிலிருந்து பாரடி என்ற அதிகாரி தெற்கேயிருந்து வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்தது ஐரோப்பியரும் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களுமாக ஆயிரத்தை ஒட்டிய ஆட்கள்தான். பீரங்கிகூட இல்லை. ஆற்றில் இறங்கி நடந்தார்கள், கரையேறி ஒரே வரிசையாகச் சுட்டார்கள், துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். பெரிய படை சிதறிச் சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. பயிற்சியும் வேகமாகச் சுடுவதும் எண்ணிக்கையை ஜெயிக்கும் என்பதை இந்தியாவில் ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்டது இங்கேதான் என்று சரித்திரக்காரர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் குவிபிள் தீவுக் கல்லறையும் திரு.வி.க. பாலத்தின் டிராஃபிக்கும்தான்.

ஆட்டத்துக்கு இதைவிட நல்ல போர் கிடையாது. ஒரே ஒரு ஆறு, ஒரு பக்கம் சின்னப் படை, ஒரு பக்கம் பெரிய படை. நவாப் படைக்குச் சீருடைத் தலைவலியும் இல்லை, கலவையான உடுப்பில் எவனை வேண்டுமானாலும் நிறுத்தலாம். வந்தவாசி (1760) பிடிக்கும் என்றால் அது இரண்டாவது ஆட்டமாக இருக்கட்டும், ஆள் நிறைய வேண்டும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. 1/72 என்பது ஆறடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டராவது. வார்ஹேமர் வகை 28 மில்லிமீட்டர், தடிமனாக இருக்கும். 15 மில்லிமீட்டரும் உண்டு. ஃப்ளாட் வீட்டு மேசைக்குச் சின்னதே நல்லது. எதை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள். முப்பரிமாண அச்சில் ரெசின் (திரவமாக இருந்து கெட்டிப்படும் பிளாஸ்டிக்) சிப்பாய் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், கெட்டிப்படாத ரெசின் தோலுக்கு ஆகாது, அதன் நெடியைப் படுக்கையறையில் வைத்துச் சுவாசிக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சாமான் வாங்க ஒரு சனிக்கிழமை

ஸ்டேஷனரி கடையில் அக்ரிலிக் பெயின்ட்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், காக்கி, பழுப்பு, தோல் நிறம். ஏழு போதும். பிரஷ் 1-ம் எண்ணும் 2-ம் எண்ணும், நுனி கூராகச் சேருகிறதா என்று நனைத்துப் பார்த்து வாங்குங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகிற மிக மெல்லிய பிரஷ்கள் பெயின்டைப் பிடித்துவைக்காது, கண் வரைவதற்குள் காய்ந்துவிடும். ஃபெவிகால், ஃபெவிக்விக், உடைந்த வாளைச் செய்ய எம்-சீல். எம்-சீலின் இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிசைந்த கொஞ்ச நேரத்தில் ஈர விரலால் வாள், கொடி, தொப்பி எதையும் உருட்டி எடுக்கலாம்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி கண்தான். பத்து வயதில் சட்டைப் பொத்தான் தெரிந்தது, இப்போது முகமே தெரியவில்லை. வெள்ளெழுத்து வந்தவர்கள் வெட்கப்படாமல் ரிச்சி தெருவுக்குப் போய், சர்க்யூட் பற்றவைக்கிறவர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி விளக்கைக் கேளுங்கள். மொத்தச் செலவில் அதுதான் அதிகம். அதுதான் உருப்படியான செலவும்.

பெயின்ட், சென்னை வெயிலில்

பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாட்டில் எழுதியவை. 'ஸ்ப்ரே பிரைமர் அடியுங்கள்' என்பார்கள், பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு அது. மே மாத மொட்டைமாடியில் அடித்தால் பெயின்ட் சிப்பாய் மேல் படுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போலாகும். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் ஈரக்காற்றில் வெள்ளைப் பனி படரும், வார்னிஷ் என்றால் இன்னும் மோசம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காலை வெயில் ஏறி ஈரம் அடங்கிய நேரம் பரவாயில்லை. எனக்குப் பொறுமையில்லாமல் பிரஷாலேயே அடித்தேன்.

மென்மையான பிளாஸ்டிக்குக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஃபெவிகாலில் சமபங்கு தண்ணீர் கலந்து முதலில் ஒரு பூச்சு. அது தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடித்த பெயின்ட் துப்பாக்கி வளைந்தாலும் உரியாது. காய்ந்ததும் கறுப்போ அடர்பழுப்போ முழுக்க.

அடுத்தது ஈரத்தட்டு. மின்விசிறிக்கு அடியில் தட்டில் வைத்த அக்ரிலிக் பத்து நிமிஷத்தில் பொருக்காகிவிடும். ஒரு தட்டையான டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயின்ட். மூடிவைத்தால் மறுநாள்கூட ஓடும். மூன்றாம் நாள் ஸ்பாஞ்சைக் கழுவிவிடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் நாறும்.

ஆளுக்கு ஆள் முடிக்காதீர்கள். பன்னிரண்டு பேரை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி வரிசையாக வைத்து, எல்லோருக்கும் கால்சட்டை, எல்லோருக்கும் மேல்சட்டை, எல்லோருக்கும் முகம். பிறகு பழுப்புப் பெயின்டை டீத்தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு துளி விட்டு மேலெல்லாம் தடவுங்கள். மடிப்புகளில் போய்த் தேங்கி நிழல் தானாக வரும். காய்ந்தபின், பிரஷில் வெளிர்நிறத்தைத் தொட்டுத் துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுங்கள். அவ்வளவுதான். மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கிற விளையாட்டு இது. கண்விழி வரைய உட்கார்ந்தால் ஆட்டம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

கொலுப் பூங்கா தெரியும் என்றால் போர்க்களமும் தெரியும்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. நவராத்திரிக்குப் படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் குளம் வைத்து, அட்டையில் மலை செய்தவர்கள் நாம். வெளிநாட்டுக்காரர் விலை கொடுத்து வாங்குகிற நிலக்காட்சிச் சாமான்கள் பாதி நம் வீட்டுக் குப்பையில் இருக்கின்றன.

மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. எம்.டி.எஃப். மலிவு, ஆனால் மழைக்காலத்தில் ஊதும். ஃபெவிகால் தடவி, சல்லடையில் சலித்த மணல். பீச் மணல் என்றால் இரண்டு மூன்று தண்ணீர் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். பலகையின் நீளவாக்கில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மணல் போடாமல் விட்டால் அதுதான் ஆறு. கலங்கல் பழுப்பும் பச்சையும் அடித்து (அடையாற்றுக்கு நீலம் அடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள்), மேலே கெட்டி ஃபெவிகால் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கண்ணாடிபோல மின்னும். இன்னும் பளபளப்பு வேண்டுமானால் தெளிந்த வார்னிஷ்.

பனைமரத்துக்கு ஈர்க்குச்சிக் கட்டு, பச்சைத் தாளில் விசிறி ஓலை. புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கிழித்தது. நாணலுக்குத் தேங்காய் நார். காட்டுத் தரைக்குக் கொதித்துக் காய்ந்த டீத்தூள். குடிசைக் கூரைக்குக் கிழிந்த கோரைப்பாய். தெர்மாகோலில் குன்று வெட்டினால் ஃபெவிகாலும் அக்ரிலிக்கும் மட்டும் உபயோகியுங்கள், ஸ்ப்ரேயோ ஃபெவிக்விக்கோ பட்டால் ஓட்டை விழும்.

சிப்பாய்களை நான்கு நான்காக ஆறு சென்டிமீட்டர் அகல அட்டையில் ஒட்டுங்கள், குதிரைகளை இரண்டிரண்டாக. அந்த அட்டைதான் ஒரு அணி. அடியில் ஹார்டுவேர் கடை இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

விதிகள், ஒரு பக்கத்தில்

விலைக்கு வாங்கும் விதிப்புத்தகங்கள் சில முந்நூறு பக்கம் போகும். முதல் ஆட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டது இவ்வளவுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்கு நான்கு காலாள் அணி, தென்கரையில். நவாபுக்கு ஏழு காலாள், நான்கு குதிரை, ஒரு பீரங்கி, வடகரையில். மொத்தம் ஐம்பது ஆளுக்குச் சற்று அதிகம். பிரெஞ்சு முதலில் நகரும், பத்துச் சுற்று. காலாள் 15 சென்டிமீட்டர், குதிரை 25. ஆற்றங்கரையில் வந்து நிற்க வேண்டும், அடுத்த சுற்றில் கடந்து எதிர்க்கரையில் ஏறலாம்.

துப்பாக்கி 20 சென்டிமீட்டர் எட்டும், அணிக்கு இரண்டு பகடை. பிரெஞ்சு ஒவ்வொரு சுற்றும் சுடலாம், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. நவாப் காலாள் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான், 5 அல்லது 6 வேண்டும். பீரங்கி 50 சென்டிமீட்டர், மூன்று சுற்றுக்கு ஒரு தரம், இரண்டு பகடை, 4 போதும். அணிகள் தொட்டுக்கொண்டால் கைகலப்பு: காலாளுக்கு இரண்டு பகடை, பாய்ந்து வரும் குதிரைக்கு மூன்று, எல்லோருக்கும் 4 வேண்டும்.

ஒவ்வொரு அடிக்கும் அந்த அணியின் அட்டையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நான்கு பொட்டு விழுந்தால் அணி காலி. இத்தோடு முக்கியமான ஒன்று: நவாப் அணி இரண்டு பொட்டு வாங்கியதும் பகடை உருட்ட வேண்டும், 3 அல்லது குறைவு என்றால் ஓடிவிடும். பிரெஞ்சு மூன்று பொட்டில்தான் உருட்டும், 1 விழுந்தால் மட்டும் ஓடும். பத்தாயிரம் பேர் ஏன் ஓடினார்கள் என்பது இந்த விதியில்தான் இருக்கிறது. நவாபின் பன்னிரண்டில் ஆறு போனால் பிரெஞ்சு ஜெயிக்கும், பிரெஞ்சின் நான்கில் இரண்டு போனால் நவாப். பத்துச் சுற்றில் இரண்டுமே நடக்காவிட்டால் கரையைக் காத்த நவாபுக்கே வெற்றி.

ஆட ஆள்

சென்னையில் போர்டு கேம் ஆடும் கூட்டங்கள் இப்போது நிறைய, வார இறுதியில் கஃபேக்களில் கூடுகிறார்கள். அங்கே போய் 'இப்படி ஒன்று வைத்திருக்கிறேன்' என்றால் ஒருவராவது நாற்காலியை இழுத்துப் போடுவார். ஆனால் முதல் ஆட்டத்தை வீட்டிலேயே ஆடுங்கள். விதியில் ஓட்டை இருந்தால் சொந்தக்காரர்தான் சலுகை தருவார்.

எனக்கு வாய்த்தது எழுபத்திரண்டு வயது அத்தை. தாயக்கட்டையில் ஊரையே ஜெயித்தவர்.

"ஏன்டா, தாயம் போடாமலே ஆத்துல இறங்கிடலாமா?"

"இறங்கலாம் அத்தை. அடுத்த சுத்துல கரையேறலாம்."

"அப்ப நான் ஏன் கரையில நின்னு அடி வாங்கணும்? குதிரைய அந்தப் பக்கமா அனுப்பறேன்."

மஃபூஸ் கானுக்குத் தோன்றாதது அத்தைக்குத் தோன்றிவிட்டது. நான்கு குதிரை அணியும் ஆற்றின் ஓரமாகச் சுற்றிக் கடந்து, நான் இறங்குவதற்குள் பின்னால் வந்து நின்றன. ஆறாவது சுற்றில் என் இரண்டாவது அணி போனது. பொட்டு அட்டையை அத்தை தன் பர்ஸில் போட்டுக்கொண்டார்.

எடுத்து வைப்பது

வாஷர் ஒட்டச் சொன்னது இதற்குத்தான். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் காந்தத் தாள் ஒட்டிவிட்டால் அணிகள் அப்படியே நிற்கும், ஆட்டோவில் எடுத்துப்போனாலும் சாயாது. ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே. வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்த சிப்பாய்கள் வளைந்துவிடும். பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள், அதன் ஆவி பட்டால் கெட்டி பிளாஸ்டிக் பிசுபிசுத்து உருகும். டப்பாவைப் பரணில் ஏற்றாமல் கைக்கெட்டும் அலமாரியில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வருகிறார், இந்தத் தடவை பிரெஞ்சு வேண்டுமாம்.